சுற்றினால் மட்டும் கலந்துவிடுமா?

மூன்றாம் ஆண்டு மாணவி, கெமிக்கல் இன்ஜினியரிங் பிரிவு



மாணவர் பேரவை மலருக்குப் படைப்புகள் தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கவிதை என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது பொடி. "பொடியைப் பற்றி எழுத என்னடி இருக்கு?" என்று தோழிகள் சிரித்தார்கள். மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ் புத்தகத்தில் திடப்பொருள் கலத்தல் என்ற பாடம் மொத்தமே சில பக்கம்தான். பரீட்சைக்கு டபுள் கோன் பிளெண்டர் படம் ஒன்று வரைந்தால் மார்க் வந்துவிடும். நானும் அப்படித்தான் படித்தேன். கோடை விடுமுறையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் இன்பிளாண்ட் டிரெய்னிங் போய் அசிங்கப்பட்ட பிறகுதான் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் எங்கள் பாட்டியின் மாத்திரை. பாட்டிக்கு இதய நோய். ஆஸ்பத்திரிச் சீட்டில் டிஜாக்சின் 0.25 மி.கி. என்று இருக்கும். எங்கள் வீட்டில் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் போட வேண்டும், இரண்டு நாள் கூடாது. இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. கூடினால் குமட்டல், கண் மங்கல், நாடித்துடிப்பு தாறுமாறு. குறைந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

0.25 மில்லிகிராம் மருந்தைத் தனியாகக் கையில் பிடிக்கவே முடியாது. அதனால் லாக்டோஸ் போன்ற மாவில் கலந்து மாத்திரையாக அடிக்கிறார்கள். ஒரு மாத்திரை 100 மி.கி. எடை என்று வைத்துக்கொள்வோம். 400 பங்கில் ஒரு பங்குதான் மருந்து. ஒரு லட்சம் மாத்திரைக்கு 10 கிலோ மாவு, அதில் மருந்து 25 கிராம், ஒரு கைப்பிடி கூட வராது. அந்த 25 கிராமை எந்த மூலையிலும் கூடாமல் குறையாமல் 10 கிலோவிலும் பரப்பியாக வேண்டும். (மருந்தைத் திரவத்தில் கரைத்து மாவின் மேல் சேர்க்கும் முறையும் உண்டு. நான் சொல்வது உலர்ந்த பொடியாகவே கலக்கும் முறை.)

அப்பாவிடம் கேட்டேன். அப்பா கொத்தனார். "இதென்ன பெரிய விஷயம், நல்லாப் புரட்டணும். மணலும் சிமெண்டும் தண்ணி ஊத்தாம மூணு தடவை இடம் மாத்திப் புரட்டினா நிறம் ஒண்ணா வந்துடும். அப்புறம்தான் தண்ணி" என்றார். அப்பா சொன்னது தப்பில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மணல் ஈரமாக இருந்தால் அவரே ஒரு பெட்டிக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார். ஏன் என்றால் லேசான ஈரத்தில் மணல் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிப் பிடித்துக்கொண்டு உப்பி நிற்கும், அளவுப் பெட்டி நிரம்பினாலும் உள்ளே மணல் குறைவு. இதைத்தான் நம் புத்தகம் பல்க்கிங் என்கிறது. அதாவது எவ்வளவு புரட்டுவது என்பதற்கு முன்னால், புரட்டப்போகும் பொருள் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் அப்பா மண்வெட்டியைத் தொடுகிறார். மருந்து மிக்சருக்கும் இதேதான். மிக்சர் என்பது ஒரு காலிப் பாத்திரம், அதைச் சுற்ற ஒரு மோட்டார். கலப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பொடி.

பாயசத்தில் முந்திரி

எல்லாவற்றிலும் முதல் குணம் துகளின் அளவு. இதை முந்திரிப் பாயசம் வைத்துப் புரிந்துகொள்ளலாம். அண்டாப் பாயசத்தில் ஒரு டம்ளருக்குச் சராசரி நாலு முந்திரி வருகிற மாதிரி போட்டு எவ்வளவு நன்றாகக் கிண்டினாலும், ஒருத்தருக்கு இரண்டு வரும், இன்னொருத்தருக்கு ஆறு வரும். பந்தியில் சண்டையும் வரும். ஆனால் "எனக்குச் சர்க்கரை குறைச்சல்" என்று யாரும் சண்டை போட மாட்டார்கள். கரைந்த சர்க்கரைக்கு எண்ணிக்கை கணக்கே இல்லை. கிண்டினது ஒரே கரண்டிதான்.

கணிதத்தில் இதற்கு எளிய விதி உண்டு. முழுக்க முழுக்கத் தற்செயலாகக் கலந்த கலவையில் ஒரு பங்குக்குச் சராசரி n துகள் வருமென்றால் ஏற்ற இறக்கம் சுமார் √n. நாலு முந்திரிக்கு ஏற்ற இறக்கம் 2, அதாவது 50 சதவீதம். 100 துகளுக்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 துகளுக்கு 100, அதாவது 1 சதவீதம்தான்.

இப்போது பாட்டியின் மாத்திரைக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். நோட்டை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். துகளை உருண்டை என்றும், அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.3 கிராம் என்றும் கொள்வோம். விட்டம் 100 மைக்ரான் என்றால் ஒரு துகளின் எடை சுமார் 0.68 மைக்ரோகிராம். மாத்திரைக்கு வேண்டியது 250 மைக்ரோகிராம். வகுத்தால் சுமார் 370 துகள். √370 சுமார் 19, ஆக ஏற்ற இறக்கம் 5 சதவீதம். பரவாயில்லை போலிருக்கிறது.

விட்டம் 200 மைக்ரான் என்றால்? விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. மாத்திரைக்கு வெறும் 46 துகள்தான் வரும். ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 15 சதவீதம். மூன்றில் ஒரு மாத்திரை 85க்குக் கீழேயோ 115க்கு மேலேயோ போய்விடும். 50 மைக்ரானாக அரைத்தால் சுமார் 2,900 துகள், ஏற்ற இறக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே. 10 மைக்ரான் என்றால் மூன்றரை லட்சத்துக்கு மேல் துகள், ஏற்ற இறக்கம் 0.2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கில் மிக்சரின் பெயரே வரவில்லை, கவனித்தீர்களா? எந்த ஊர் மிக்சராக இருந்தாலும், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும், இலவசமாகச் சுற்றிக் கொண்டே இருந்தாலும், 200 மைக்ரான் மருந்துக்கு 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க அது உதவாது. தற்செயல் கலவைதான் அதன் எல்லை. இதைப் போட்டு முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அப்படியானால் 10 மைக்ரானாக அரைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

கோலமாவு தேர்வு

மார்கழி மாதம் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். கடையில் விற்கும் வெள்ளைக்கல் கோலப்பொடி விரலிடுக்கில் நூல் மாதிரி இறங்கும். அதே வீட்டில் மெஷினில் நைசாக அரைத்த அரிசி மாவை எடுத்துப் போட்டால் இறங்காது, பொத்துப் பொத்தென்று விழும். கொஞ்சம் ஈரம் பட்டால் கட்டி கட்டியாக நிற்கும். துகள் சிறிதாக ஆக அதன் எடை வேகமாகக் குறைகிறது, ஆனால் துகளுக்குத் துகள் ஒட்டும் விசை அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் புவியீர்ப்பு தோற்றுவிடும், ஒட்டல் ஜெயித்துவிடும். பொடி ஓட மறுக்கிறது. தனக்குள்ளேயே கட்டி பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கட்டிதான் ஆபத்து. அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் கட்டி, அதில் பாதி காற்று என்றே வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் மருந்து சுமார் 42 மைக்ரோகிராம். பாட்டியின் மாத்திரை மருந்தில் 17 சதவீதம்! கண்ணுக்குக் கடுகை விடச் சிறிதாகத் தெரியும் ஒரே ஒரு கட்டி கூடுதலாக விழுந்தால் அந்த மாத்திரை 117 ஆகிவிடும். 10 மைக்ரானாக அரைத்த பலன் அத்தனையும் போச்சு, ஏனென்றால் இப்போது மிக்சருக்குள் சுற்றுவது 10 மைக்ரான் துகள் அல்ல, 500 மைக்ரான் கட்டி.

பொடி ஓடுமா ஓடாதா என்று பார்க்க நம் லேபிலேயே இரண்டு சோதனை செய்யலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்று, புனல் வழியாகப் பொடியைக் கொட்டிக் குவியலின் சரிவுக் கோணத்தை அளப்பது. உயரம் 3 செ.மீ., அடி ஆரம் 5 செ.மீ. என்றால் டேன் மதிப்பு 0.6, கோணம் 31 டிகிரி. 35 வரை நன்றாக ஓடும் பொடி. 45ஐத் தாண்டினால் மோசம். இன்னொன்று, 100 மி.லி. அளவு ஜாடியில் பொடியை மெதுவாக நிரப்பி, இனிமேல் இறங்காது என்கிற வரை தட்டுவது. 50 கிராம் பொடி 100லிருந்து 80 மி.லி.க்கு இறங்கினால், தட்டும் முன் அடர்த்தி 0.5, தட்டிய பின் 0.625. வித்தியாசத்தைப் பின்னதால் வகுத்தால் 20 சதவீதம். இதுதான் கார் குறியீடு. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் கார் 1965ல் சொன்னது. அந்த இரண்டு அடர்த்திகளின் விகிதம் 1.25, இது ஹாஸ்னர் விகிதம். கார் குறியீடு 15 வரை நல்ல பொடி, 20 சுமார், 25ஐத் தாண்டினால் தகராறு. ரேஷன் கடையில் படியைத் தட்டி அளக்கச் சொல்லி எங்கள் அம்மா சண்டை போடுவதும் இந்தக் குறியீட்டுக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மிக்சர் பொட்டலம்

இனி முக்கியமான முரண்பாடு. நன்றாக ஓடும் பொடி சீக்கிரம் கலக்கும். அதே வேகத்தில் சீக்கிரம் பிரியவும் செய்யும்! ஓடாத பொடி கலப்பது கஷ்டம், ஆனால் கலந்துவிட்டால் அப்படியே இருக்கும். இதை எங்கள் வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை.

பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது வாங்குகிற மிக்சர் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். கடையில் கட்டும்போது எல்லாம் கலந்துதான் இருந்தது. இறங்கும்போது பிரித்தால் கடலையும் அவலும் மேலே, தூளெல்லாம் அடியில். பஸ் குலுக்கியபோது பெரிய துண்டுகளுக்கு நடுவே உண்டான சந்துகளில் சின்னது நழுவிக் கீழே போய்விட்டது. 1987ல் வந்த ஓர் இயற்பியல் ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்பே பிரேசில் கொட்டைகள் ஏன் மேலே இருக்கின்றன என்பதுதான். பெரிய அறிஞர்களும் மிக்சர் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

கம்பெனியில் இந்தப் பஸ் பயணம் எங்கே நடக்கிறது? மிக்சரிலிருந்து டிரம்மில் கொட்டும்போது, டிரம்மைத் தள்ளிக்கொண்டு போகும்போது, மாத்திரை மெஷினின் ஹாப்பரில் ஏற்றும்போது, அந்த மெஷினின் அதிர்வில். கொட்டும்போது மெல்லிய தூள் காற்றில் எழும்பிக் கடைசியாக வந்து மேலே படியும். குவியலாகக் கொட்டினால் பெரிய துகள் சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும், சிறியது நடுவில் தங்கும். ஆகவே மிக்சருக்குள் கலவை சரியாக இருந்தது என்பதோடு வேலை முடியவில்லை. அடர்த்தி வித்தியாசமும் பிரிக்கும் என்று புத்தகம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அளவு வித்தியாசம் செய்யும் கெடுதலுக்கு முன்னால் அது சின்னது.

இந்த இரண்டு பக்கத் தொல்லைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வறுத்த கடலையில் மிளகாய்த்தூளைப் போட்டுக் குலுக்கினால் தூள் அடியில் இறங்காமல் ஒவ்வொரு கடலை மேலும் ஒட்டிக்கொள்கிறதல்லவா? அதே மாதிரி மிக நைசான மருந்து, கொஞ்சம் பெரிய லாக்டோஸ் துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும்படி செய்யலாம். மருந்தின் ஒட்டும் குணம் இங்கே எதிரியாக இல்லாமல் கூலியாள் ஆகிவிடுகிறது. ஹெர்சி என்ற ஆராய்ச்சியாளர் 1975ல் இதற்கு ஆர்டர்டு மிக்ஸிங் என்று பெயர் வைத்தார். தமிழில் ஒழுங்குக் கலவை என்று சொல்லலாமா? ஆனால் முதலில் மருந்தின் கட்டியை உடைத்தாக வேண்டும். மருந்தையும் அதே அளவு லாக்டோஸையும் சேர்த்து 60ஆம் நம்பர் சல்லடையில் தேய்த்து விடுவார்கள், அதன் ஓட்டை 250 மைக்ரான். பிறகு அந்தக் கலவைக்குச் சம அளவு லாக்டோஸ், மறுபடி சம அளவு, இப்படி. 25 கிராம் 50 ஆகி, 100 ஆகி, 200 ஆகி, ஒன்பது படியில் 10 கிலோ வந்துவிடும். கைப்பிடி மருந்தை நேராக 10 கிலோவில் கொட்டிச் சுற்றுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

துகளின் உருவமும் கணக்கில் வரும். உருண்டை ஓடும், ஊசி மாதிரிப் படிகம் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் அதிகமானால் கட்டி. ரொம்ப உலர்ந்துபோனால் உரசலில் மின்னேற்றம் உண்டாகி மருந்து மிக்சரின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏரோசில் என்ற மிக நுண்ணிய சிலிக்காவை அரை சதவீதம் போலச் சேர்த்தால் ஓடாத பொடியும் கொஞ்சம் ஓடும். இவற்றை விரிவாக எழுதினால் மலர்க் குழு கத்தரித்துவிடும்.

எந்தப் பொடிக்கு எந்த மிக்சர்

பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்கிற மிக்சர் பட்டியல் இப்போது அர்த்தமாகிறது. டபுள் கோன், வி வடிவ பிளெண்டர், பின் பிளெண்டர் எல்லாம் பாத்திரமே உருளும் வகை. பொடி தானே சரிந்து விழுந்துதான் கலக்கிறது, அதனால் ஓடும் பொடிக்குத்தான் சரி. கட்டி பிடிக்கும் பொடியைப் போட்டால் கட்டி உருண்டு விளையாடும், உடையாது. அதற்கு உள்ளே கத்தி சுற்ற வேண்டும்: ஆர்.எம்.ஜி., அல்லது நடுவில் வேகமாகச் சுற்றும் தண்டு வைத்த வி பிளெண்டர். ரிப்பன் பிளெண்டரில் உள்ளே பட்டை சுற்றிப் பொடியை அள்ளிப் புரட்டும், அப்பாவின் மண்வெட்டி மாதிரி. ஆனால் பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடுக்கில் தங்கிய பொடி அசையாமல் கிடக்கும்.

வேகத்தை ஏற்றினால் நல்லதா? ஓரளவுக்குத்தான். தூக்குவாளியில் தண்ணீர் வைத்துத் தலைக்கு மேல் வேகமாகச் சுற்றினால் சிந்தாது. அதே மாதிரி உருளும் மிக்சரில் ஒரு வேகத்துக்கு மேல் பொடி சுவரோடு ஒட்டிக் கூடவே சுற்றும், சரியாது. அரை மீட்டர் ஆரத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த வேகம் நிமிடத்துக்கு 42 சுற்று. அதனால் அதற்கு நன்றாகக் கீழே வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கழுத்து வரை நிரப்பினாலும் இதே கதிதான், சரிய இடம் இருக்காது. பாதியிலிருந்து 60 சதவீதம் வரை நிரப்புவது வழக்கம். வி பிளெண்டரில் இன்னொரு நுணுக்கம்: இடது கையில் மருந்தும் வலது கையில் லாக்டோஸும் போட்டால் நெடுநேரம் இரண்டும் அவரவர் பக்கமே இருக்கும், குறுக்கே போவது மிக மெதுவாக நடக்கும். மேலே கீழே அடுக்காகப் போட வேண்டும்.

இருபது நிமிடம்

இப்போது என் கதை. கம்பெனியில் மருந்து சேர்க்காத சோதனை பேட்ச் ஒன்று, 2 கிலோ, சின்ன டபுள் கோனில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மெக்னீசியம் ஸ்டியரேட் போட வேண்டும், மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருப்பதற்காக, 1 சதவீதம். ஆபரேட்டர் அண்ணா அதைச் சலித்துப் போட்டுவிட்டு, "மூணே நிமிஷம்மா, அப்புறம் நிறுத்திடு" என்று சொல்லி அடுத்த அறைக்குப் போனார். மூன்று நிமிடம் ஆனது. கை ஸ்விட்சுக்குப் போனது. ஆனால் எனக்குத் தோன்றியது, முக்கால் மணி நேரம் மற்றதெல்லாம் கலக்கிறோம், இதை மட்டும் ஏன் அரைகுறையாக விட வேண்டும்? படித்தவள் நான் இருக்கும்போது கலவை சரியில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே? ஓடட்டும் என்று விட்டேன். அவர் திரும்பி வந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

மாத்திரை பார்க்கப் பளபளவென்று அழகாகத்தான் வந்தது. விரலால் அழுத்தினால் உடைந்தது. ஹார்ட்னஸ் டெஸ்டரில் முள் ஏறவே இல்லை. உருட்டிப் பார்க்கும் டிரம்மில் 100 சுற்றுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உதிரக்கூடாது என்பது விதி, எங்களுடையது சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

காரணம் இதுதான். ஸ்டியரேட் மெல்லிய தகடு தகடாக இருக்கும் பொடி. கலக்கக் கலக்க அந்தத் தகடுகள் பிரிந்து மற்றத் துகள்களின் மேல் போர்வை மாதிரி பூசிக்கொள்ளும். வீட்டில் சப்பாத்தி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க உலர் மாவில் புரட்டி வைக்கிறோமே, அது மாதிரி. மூன்று நிமிடத்தில் அங்கங்கே பூசியிருந்தது அச்சில் ஒட்டாமல் இருக்கப் போதும். இருபது நிமிடத்தில் எல்லாத் துகளும் போர்வை போர்த்திக்கொண்டன. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றை ஒன்று பிடிக்கவில்லை. இன்னொரு கெடுதலும் உண்டு: ஸ்டியரேட் தண்ணீரை விலக்கும் பொருள். வயிற்றில் போனால் மாத்திரை தாமதமாகக் கரையும். நல்லவேளை, அதில் மருந்து இல்லை.

சூப்பர்வைசர் வந்து கேட்டபோது ஆபரேட்டர் அண்ணா, "நான்தான் சார் நேரம் பார்க்காம விட்டுட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. டிரெய்னிங் சர்டிபிகேட் போய்விடுமோ என்ற பயம். அன்று மாலை அவரிடம் போய், "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "என்னை ரெண்டு நாள் திட்டுவாங்க, அவ்வளவுதான். நீ எழுதி வாங்கிட்டுப் போகணும்ல" என்றார். அடுத்த நாள் காலையில் சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதே பேட்சை மறுபடி எடை போட்டு, மூன்று நிமிடத்தில் நிறுத்தி, என்னையே செய்யச் சொன்னார். அந்த மாத்திரை உடையவில்லை. அண்ணா பத்தாவது கூடப் படிக்கவில்லை. ஆனால் பொடியைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பார்த்தே, "இது இன்னிக்கு ஈரம், ஓடாது" என்பார். கார் குறியீடு போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும்.

கலந்ததா என்று எப்படித் தெரியும்?

கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். மிக்சருக்குள்ளிருந்து மாதிரி எடுக்க ஜன்னல் வைத்த நீளக் குழாய் இருக்கிறது. அதைச் செருகும்போதே மேலே இருக்கும் பொடியைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். நன்றாக ஓடும் பொடி ஜன்னலில் முதலில் நுழையும், ஓடாதது தங்கிவிடும். ஆகவே மாதிரி பொய் சொல்லலாம். டெரன்ஸ் ஆலன் என்ற நிபுணர் சொல்லும் தங்க விதி: பொடி ஓடிக்கொண்டிருக்கும்போது எடு, ஓட்டத்தின் முழு அகலத்தையும் கொஞ்சம் கொஞ்ச நேரம் பல தடவை எடு.

எவ்வளவு எடுப்பது என்பதும் கேள்வி. அண்டாச் சாம்பாரிலிருந்து ஒரு வாளி எடுத்து உப்புப் பார்த்தால் எல்லா வாளியும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்பிடுகிறவனுக்கு வேண்டியது அவன் கரண்டியில் என்ன இருக்கிறது என்பது. 1993ல் அமெரிக்காவில் அரசுக்கும் பார் லேபரட்டரீஸ் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் நியூஜெர்சி நீதிமன்றம் இதையே சொன்னது. கலவையிலிருந்து எடுக்கும் மாதிரி, நோயாளி சாப்பிடும் ஒரு வேளை அளவின் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றது. பெரிய மாதிரியில் குறை நிறை எல்லாம் சராசரியாகி ஒளிந்துவிடும். நம் இந்திய மருந்தியல் நூலும் 10 மி.கி.க்குக் குறைவான மருந்துள்ள மாத்திரைகளுக்கு, பத்து மாத்திரையைச் சேர்த்து அரைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, பத்தையும் தனித்தனியே சோதி, 85லிருந்து 115க்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்று மட்டும் தவறினால் இன்னும் இருபது எடுத்துப் பார்க்கலாம். எதுவும் 75க்குக் கீழும் 125க்கு மேலும் போகவே கூடாது. பாட்டி பத்து மாத்திரையைச் சேர்த்து அரைத்துச் சாப்பிடுவதில்லையே.

நம் லேபில் உப்பும் மணலும் கலக்கும் பரிசோதனை இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மாதிரி எடுத்து, உப்பைக் கரைத்து, மணலைக் காயவைத்து எடை போட்டு, கிராஃப் வரைவது. கோடு மேலே போய்ச் சமமாக நிற்க வேண்டும் என்று ரெக்கார்டு நோட்டில் இருக்கும். எங்களுக்கு ஒரு தடவையும் அப்படி வரவில்லை. கொஞ்ச நேரம் நன்றாகிப் பிறகு மறுபடி மோசமாகும். நாங்களும் சீனியர்களைப் போல ரீடிங்கைச் சமைத்து எழுதிவிட்டோம். இப்போது புரிகிறது, சமைக்காத ரீடிங்தான் சரி. கல்லுப்பு பெரிது, மணல் சிறிது, சுற்றச் சுற்ற மணல் இறங்கியிருக்கிறது, நாங்கள் ஸ்பேட்டுலாவால் மேலேயே எடுத்திருக்கிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை லேப் அசிஸ்டெண்டிடம் அனுமதி கேட்டு, உப்பை இடித்து, உப்பு மணல் இரண்டையும் ஒரே சல்லடை இடைவெளிக்குள் சலித்து, மேலே கீழே அடுக்கி, பாதி மட்டும் நிரப்பி, கொட்டும்போது ஓட்டத்திலிருந்து மாதிரி எடுத்தோம். கோடு ஏறிப்போய் நின்றது. இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு இந்தப் பரிசோதனை வரும்போது இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். 60ஆம் நம்பர் சல்லடை இரண்டாவது பீரோவில் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில் கம்பி ஒரு இடத்தில் விட்டிருக்கிறது, அந்தப் பக்கம் தேய்க்க வேண்டாம்.